பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு, உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை வைத்தால் உடனே பேசுமா? கடலோர ஊரில் மெஷின் தாங்குமா?

உடனே பேசாது. முதல் நாள் அழக்கூடச் செய்யலாம்.

என் அக்கா மகள் அப்படித்தான் அழுதாள். எங்களுக்கு ராமேஸ்வரம் போகும் வழியில் மண்டபம் ஊர்ப் பக்கம். ஆபரேஷன் முடிந்து தையல் ஆறி, மூன்று வாரம் கழித்து மதுரையில் மெஷினை ஆன் செய்தார்கள். அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டதும் பிள்ளை மிரண்டுபோய், தலையில் காந்தத்தில் ஒட்டியிருந்த காயிலை (சத்தத்தை உள்ளே அனுப்பும் வட்டை) பிடுங்கி எறிந்துவிட்டாள். மூன்று வயதுவரை சத்தமே அறியாதவள், பாவம்.

ஹியரிங் எய்ட் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி இருக்கும் காக்ளியாவின் முடி செல்கள் வேலை செய்யாவிட்டால், எவ்வளவு பெரிதாக்கியும் பலனில்லை. இம்ப்ளான்ட் அந்தச் செல்களை விட்டுவிட்டு நரம்பையே நேராகத் தூண்டுகிறது. ஆயிரக்கணக்கான செல்கள் பார்க்கும் வேலையை இருபது சொச்சம் மின்முனைகள் பார்க்கின்றன. அதனால் நாம் கேட்பதுபோல் கேட்காது. வருகிற சத்தம் இன்னதென்று மூளை பழக வேண்டும். மேப்பிங் (மின்முனைகளின் அளவைப் பிள்ளைக்கு ஏற்றபடி சரிசெய்வது), ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) என்று அலைந்தோம். அதைவிட அக்காவின் வாய்தான் வேலை செய்தது. மீன் ஆயும்போதுகூட "இது நகரை, இது சூடை" என்று பேசிக்கொண்டே இருப்பாள். ஐந்தாவது மாதம் வல்லத்து (மீன்பிடிப் படகு) இன்ஜின் சத்தம் கேட்டு, "ப்பா" என்று வாசலுக்கு ஓடினாள் பிள்ளை. வந்தது அவள் அப்பா வல்லம் இல்லை, அது வேறு விஷயம்.

கடற்காற்றுக்குப் பயப்பட வேண்டியது காதில் மாட்டும் பிராசஸருக்குத்தான். உள்ளே வைத்தது தோலுக்கடியில் பத்திரமாக இருக்கும். ராத்திரி கழற்றி ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்போம். கடலில் இறங்குமுன் கழற்ற வேண்டும். ஒருமுறை அக்காவின் பெரியவன் மெஷினோடு அவளை அப்படியே தண்ணீருக்குள் இழுத்துப்போய்விட்டான். அந்தச் செலவு எங்கள் தலையில் விழுந்தது.

ஆபரேஷனுக்கு நாங்கள் செலவழிக்கவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செய்கிறார்கள், வருமான வரம்பு உண்டு. நாங்கள் இழந்தது ஒரு வருஷத்தை. "மாமனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று எங்கள் அம்மா எல்லோரையும் நம்ப வைத்துவிட்டார். அந்த மாமன் நான்தான்.

உங்கள் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் சோதனை) எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள். தூங்க வைத்துத்தான் எடுப்பார்கள், வலிக்காது.