இட்லி தினமும் மிளகாய் உருண்டையும்

அன்புள்ள ஐயா,

இங்கே பர்மாவில், மோல்மினில் எங்கள் கோவில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மார்ச் 30 உலக இட்லி தினம் என்று ஒரு பையன் போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். உடனே எல்லாரும், “டீச்சர், நாமும் கொண்டாடுவோம், வீட்டுக்கு ஒரு ஈடு இட்லி கொண்டுவருகிறோம்” என்று குதித்தார்கள். நானும் சரி என்றுவிட்டேன். கோவில் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். “28ஆம் தேதி மண்டலே பூகம்பத்தில் போனவர்களுக்கு விளக்கேற்றுகிறோம். ஒரு நாள் விட்டு இட்லிக்கு விழாவா? எல்லாம் கடைக்காரன் கிளப்பிவிட்டது” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதம் ஐயாயிரம் கியாட் கொடுத்துவருகிறேன். என் வீட்டுக்காரர், “இந்தக் காசுக்கு இன்றைக்கு என்ன வரும்? சேர்த்துவைத்து வருடக் கடைசியில் மொத்தமாகக் கொடு, உருப்படியாக எதையாவது வாங்குவார்கள்” என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்கள் வாசகி,
மோல்மின்

*

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் வீட்டுக்காரர் போட்ட கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறேன். அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தை வழித்தெடுத்துக்கொண்டு போனது. செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். முதல் சில வாரங்கள் ரங்கூனில் யாரைப் பார்த்தாலும் அரிசி மூட்டையும் பழைய லுங்கியுமாக வண்டி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கையில் இருந்ததைக் கொடுத்தேன். பிறகு யோசித்தேன், இப்படிச் சில்லறையாகக் கொடுத்து என்ன பிரயோசனம், மாதாமாதம் ஒதுக்கி ஒரு குடும்பத்துக்கு வீடே கட்டிக்கொடுத்துவிடலாம் என்று. பிஸ்கட் டின் ஒன்றில் போட்டுவந்தேன். எட்டு மாதம் ஒழுங்காக நடந்தது. அடுத்த மழைக்கு என் வீட்டுக் கூரை ஒழுகியது. பிள்ளைகள் நனைவதும் ஒரு கஷ்டம்தானே என்று மனசு மெல்ல எடுத்துக்கொடுத்தது. அந்த டின் காசு இன்றைக்கும் என் தலைக்கு மேலே தகரமாக இருக்கிறது. மழை பெய்தால் சத்தம் கேட்கும்.

மொத்தமாகக் கொடுப்பது தப்பென்று சொல்லவில்லை. கிணறு வெட்ட, கூரை மாற்ற மொத்தப் பணம்தான் வேண்டும். ஆனால் கொடுப்பதற்கென்று சேர்த்துவைக்கும் பணம் வீட்டுக்குள் இருக்கும்வரை வீட்டுப் பணம்தான். அதற்குப் பசி எடுத்துக்கொண்டே இருக்கும்.

வாங்குகிறவர்கள் பக்கமிருந்தும் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருக்கிறது. அதன் அடுக்களைச் சுவரில் ஒரு கரும்பலகை. மாதத்துக்கு முப்பது கட்டம் கோடு போட்டு, எந்த நாள் சாப்பாடு யாருடையது என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருப்பார்கள். நம் நாட்டில் மடங்களிலும் இல்லங்களிலும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்று தேடி வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் சனி, ஞாயிறு. ஒரு தீபாவளிக்கு நான் போயிருந்தபோது நாலு வீட்டு டான்பவு, அதாவது பர்மியப் பிரியாணி, அண்டா அண்டாவாக வந்து இறங்கிவிட்டது. பிள்ளைகள் கோழிக்காலை ஒரு கடி கடித்துவிட்டு வைத்தார்கள். அதே பலகையில் அடுத்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை வெறுங்கட்டம். அந்தக் கட்டங்களை நிரப்புவது யார் என்று சமையல்கார அம்மாவிடம் கேட்டேன். “அதுக்குத்தான் மாசக் காசு” என்றார். எண்ணெய், உப்பு, கரி, சோப்பு, மாத்திரை. இதையெல்லாம் யாரும் பிறந்தநாளுக்கு வாங்கித் தரமாட்டார்கள். உங்கள் ஐயாயிரம் அந்த வெறுங்கட்டத்துக்குப் போகிற காசு. வருடக் கடைசியில் அறுபதாயிரமாகப் போனால் ஒரு மின்விசிறி வாங்கி உங்கள் பெயரை எழுதி மாட்டுவார்கள். கரண்ட் இருந்தால் சுற்றும்.

என் அம்மா பெகுவில் இருந்தவள். உலை வைக்குமுன் அரிசியை நோசிபூவில்தான் அளப்பாள். நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நோசிபூ என்பது கட்டிப்பால் வந்த காலி டின். எட்டு டின் ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை. பர்மா முழுக்க அரிசிக் கணக்கு இந்தப் பால் டின்னில்தான் நிற்கிறது. அம்மா மூன்று டின் அளந்து சட்டியில் போட்டபின், அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கும் பானையில் போடுவாள். பிடியரிசி. அப்பாவுக்கு வேலை இருந்த மாதமும் போட்டாள், இல்லாத மாதமும் போட்டாள். சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த நாளிலும் அந்தக் கை பானைக்குப் போகும். இரக்கப்பட்டு அவள் போட்டதாக எனக்கு நினைவே இல்லை. உலை வைத்தால் ஒரு பிடி, அவ்வளவுதான். பௌர்ணமிக்குப் பானை கோவிலுக்குப் போய்விடும்.

ரங்கூன் முகல் தெருவில், இப்போதைய ஷ்வேபொந்தா தெருவில், செட்டியார்கள் கடை வைத்திருந்த காலத்தில் மகமை என்று ஒன்று உண்டு. கொடுக்கல் வாங்கலில் இத்தனைக்கு இத்தனை என்று கோவிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்துவைப்பது. அதுவும் மனசைக் கேட்டுச் செய்வதல்ல, பேரேட்டைக் கேட்டுச் செய்வது. (அந்தப் பேரேட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. 1930இல் கீழ்பர்மா நெல் நிலத்தில் நூற்றுக்கு ஆறாக இருந்த அவர்கள் பங்கு, விலை விழுந்து கடன் அடைக்க முடியாமல் போனதில், 1937க்குள் இருபத்தைந்தானது. மகமையை மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டால் பர்மியப் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார்.)

பிரிட்டனில் உள்ள ஒரு அறநிதி அமைப்பு வருடாவருடம் உலக ஈகைப் பட்டியல் வெளியிட்டுவந்தது. 2014இல் மியன்மா அமெரிக்காவோடு சேர்ந்து முதலிடம். அடுத்த மூன்று வருடமும் தனியாகவே முதலிடம். எத்தனை ஏழை நாடு, எப்படி என்று எல்லாரும் வியந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வியைப் பார்த்தால் வியப்பு போய்விடும். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்கவே இல்லை. போன மாதம் கொடுத்தாயா, முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவினாயா, உடலால் உழைத்துக் கொடுத்தாயா, இவ்வளவுதான். விடிகாலையில் பிக்குகள் பாத்திரத்தோடு வரிசையாக வர, வாசலில் ஒரு கரண்டிச் சோற்றோடு நிற்கிற நாட்டில் யார்தான் இல்லை என்பார்கள்? உங்கள் வீட்டுக்காரர் வழியில் எல்லாரும் சேர்த்துவைத்திருந்தால் பட்டியலில் நம்மைக் கீழேயிருந்து தேட வேண்டியிருந்திருக்கும்.

இனி இட்லி.

பெரியவர் சொன்னதில் பாதி சரி. இன்றைக்குப் போனைத் திறந்தால் தினத்துக்கு ஒரு தினம். பீட்சாவுக்கு ஒன்று, சாக்லேட்டுக்கு ஒன்று. பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு கல்லாப்பெட்டி இருக்கிறது. இட்லி தினமே 2015இல் சென்னையில் இட்லி வியாபாரம் செய்கிற ஒருவர் தொடங்கியதுதான். ஆனால் டோனட் தினத்தின் கதை பெரியவருக்குத் தெரிந்திருக்காது. 1917இல் பிரான்சுப் போர்முனைக்குப் போன சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பெண்கள், பாத்திரம் இல்லாமல் சிப்பாயின் இரும்புத் தொப்பியில் எண்ணெய் காயவைத்து டோனட் பொரித்துக் கொடுத்தார்கள். 1938இல், பொருளாதார மந்த காலத்தில், சிகாகோவில் நிதி திரட்ட அந்தப் பெண்களின் நினைவாக ஒரு தினம் வைத்தார்கள். ஜூன் முதல் வெள்ளி. வேடிக்கைத் தினம் என்று நாம் நினைப்பது உண்டியல் குலுக்கப் பிறந்த தினம்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் திஞ்சானுக்கு, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் விழாவுக்கு, மோன்லோன்யேபோ உருட்டுகிறோமே, அது என்ன? பச்சரிசி மாவும் ஒட்டரிசி மாவும் பிசைந்து, உள்ளே சுண்டைக்காய் அளவு கருப்பட்டி வைத்து உருட்டி, கொதிக்கிற தண்ணீரில் போடுவது. வெந்தது தானாக மேலே மிதந்து வரும். அரித்தெடுத்துத் தேங்காய்ப் பூ தூவி, தெருவில் போகிற வருகிற யாருக்கும் காசில்லாமல் கொடுப்பது. சதுதிதா என்கிறார்கள். சதுர் திசை, நாலு திக்கிலிருந்தும் யார் வந்தாலும் சோறு என்று அர்த்தம். அதில் சில உருண்டைக்குள் கருப்பட்டிக்குப் பதில் காந்தாரி மிளகாய். கடிக்கிறவன் துள்ளுவான், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதே நாட்களில்தான் நாம் சித்திரை முதல் தேதிக்கு மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ போடுகிறோம். நாம் கசப்பு என்று சொல்லிவிட்டுக் கொடுக்கிறோம், அவர்கள் காரத்தை ஒளித்துவைத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு அவர்கள் முறைதான் பிடித்திருக்கிறது.

2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மண்டலேயும் சகாயிங்கும் இடிந்தன. பூகம்பத்தின் அளவு 7.7. ரமலானின் கடைசி வெள்ளி, தொழுகையில் இருந்தவர்கள் மேல் பள்ளிவாசல்கள் விழுந்தன. இரண்டு வாரத்தில் திஞ்சான். எங்கள் தெருவில் பாட்டுப் போடவில்லை, தண்ணீர் ஊற்றவும் பெரியவர்களுக்கு மனசில்லை. மாவு மட்டும் பிசைந்தார்கள். முக்குக் கடை டோ ஷ்வே அக்கா, அப்படித்தான் தெருவில் எல்லாரும் கூப்பிடுவோம், பக்கத்தில் ஒரு பெயின்ட் வாளியை மண்டலேக்கென்று வைத்தார். உருண்டை இலவசம், மிளகாய் மாட்டினவன் மட்டும் ஆயிரம் போட வேண்டும் என்று சட்டம். முதலில் இருபதுக்கு ஒன்று மிளகாய். மத்தியானத்துக்குள் பையன்கள், “அக்கா, மிளகாய் உள்ளதாகப் பார்த்துக் கொடுங்கள்” என்று வரிசையில் நின்றார்கள். சாயங்காலம் கருப்பட்டிதான் மிஞ்சியது, மிளகாய் தீர்ந்துபோனது. எனக்கு மூன்று மாட்டியது. மூன்றாவது தற்செயல் என்று இன்னும் நான் நம்பவில்லை. வாளி நிரம்பியதும், காரத்தில் கண் கலங்கி நின்றவர்களும் சேர்ந்து, “தாடு, தாடு, தாடு” என்றார்கள், தர்மம் செய்தால் நன்று நன்று என்று சொல்வது.

துக்கத்தை யாரும் மறந்துவிடவில்லை. அந்த வாளி ஒரு நாளோடு போகவும் இல்லை. இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடை வாசலுக்கு வருகிறது. சில மாதம் அவித்த கடலை, சில மாதம் தோசே. தோசே இருக்கிற மாதம் வாளி கனமாக இருக்கும். மார்ச் மாதத்துப் பதைப்பு ஆடி மாதத்தில் யாருக்கு இருக்கும்? தேதிதான் கூட்டிவருகிறது, அந்தத் தேதியைப் பிள்ளைகள் மறக்காமல் பார்த்துக்கொள்வது தோசே.

ஆகவே 28ஆம் தேதி விளக்கேற்றுங்கள். 30ஆம் தேதி இட்லி அவியுங்கள். முதியோர் இல்லத்துக்கு முதல் ஈடு. பல் இல்லாதவர்களுக்கு இட்லியைவிட நல்ல பண்டம் ஏது? பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல மறக்காதீர்கள். இந்தியா இறக்குமதி செய்கிற உளுந்தில் பெரும்பங்கு நம் மட்பே. நெல் அறுத்த பெகு வயலிலும் கழிமுகத்திலும் விளைந்து கப்பலேறுகிறது. சென்னையில் அன்றைக்கு இட்லி தினம் கொண்டாடுகிறவர் தட்டில் நம்மூர் உளுந்து இருக்கலாம்.

மாவு முதல் நாள் மத்தியானமே அரைத்துவிடுங்கள். மார்ச் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், ராத்திரி முழுக்க வெளியே விட்டால் பொங்கித் தரையில் கிடக்கும். ஈட்டுக்கு ஒரு குழியில் மட்டும் மாவுக்கு நடுவே ஒரு காந்தாரி மிளகாய். இல்லத்துக்கு அனுப்புகிற ஈட்டில் வேண்டாம், பாவம். மண்டபத்தில் பரிமாறும்போது முதல் தட்டைக் கோவில் பெரியவருக்கு வையுங்கள். எது வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ரங்கூன்