சீனப் பெருநகரங்களில் பிழைக்க வந்தவர்கள் ஏன் ஊர்க்காரர்களாக முடிவதில்லை?

மொழியோ பழக்கவழக்கமோ பெரிய தடை இல்லை. ஷென்ஜென் நகரம் கான்டனீஸ் மொழி பேசும் மாகாணத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஹூனான், சிச்சுவான் என்று எங்கிருந்தெல்லாமோ அங்கே வந்தவர்கள் நாட்டின் பொதுமொழியான மாண்டரினிலேயே சமாளித்துவிடுகிறார்கள். எதிர்வீட்டு ஜன்னலைக் கை நீட்டித் தொடும் அளவுக்கு நெருக்கிக் கட்டிய ‘நகர்க் கிராமங்களில்’ மலிவு வாடகைக்கு எல்லா ஊர்க்காரர்களும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

சிக்கல் ஹுகோ என்ற குடிப்பதிவில். 1958-இல் சட்டமான முறை இது. வேலைக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம், பதிவும் அதோடு சேர்ந்த அரசு சேவைகளும் கூடவே வராது. 2020 கணக்கெடுப்பில் இப்படிப் பதிவூரை விட்டு வாழ்ந்தவர்கள் சுமார் 37.6 கோடி பேர்.

அதிகம் அடிபடுவது பிள்ளைகள். பெய்ஜிங்கில் வளர்ந்த தொழிலாளியின் மகள் அங்கே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவ் எழுத முடியாது. பதிவுள்ள மாகாணத்துக்குத் திரும்ப வேண்டும். அதனாலேயே பலர் குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறார்கள். எனக்கு இதுதான் மன்னிக்க முடியாத அநீதியாகப் படுகிறது.

மாற்றமே இல்லையா என்றால், இருக்கிறது. 2003-இல் குவாங்சோ நகரில் தற்காலிக வசிப்பு அட்டை இல்லையென்று பிடிக்கப்பட்ட சுன் ஜிகாங் என்ற இளைஞர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது, அட்டை இல்லாதவர்களைப் பிடித்து வைத்து ஊருக்கு அனுப்பும் அந்தத் தடுப்புக்காவல் முறையே சில மாதங்களில் ரத்தானது. அப்புறம் 2016 முதல் வசிப்பு அட்டை இருந்தால் சில சேவைகள் கிடைக்கின்றன. சிறு நகரங்களில் ஹுகோ வாங்குவதும் எளிதாகிவிட்டது. பெய்ஜிங்கிலோ படிப்பு, காப்பீடு கட்டிய ஆண்டுகள் என்று புள்ளி சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கில் கட்டடத் தொழிலாளி தேறுவது கடினம்.