சோலைவரி நிலுவைக்கு நீதிமன்ற அழைப்பாணை: சபையில் காசைக் கட்டினால் போதுமா?

கேள்வி: புதுக்குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சோலைவரி, அதாவது பிரதேச சபை அறவிடும் ஆதனவரி, கட்டவில்லை என்று நீதிமன்ற அழைப்பாணை வந்திருக்கிறது. வீடு இறந்துபோன அப்பாவின் பெயரில். நான் இருப்பது கொழும்பில். சபையில் காசைக் கட்டிவிட்டு நீதிமன்றம் போகாமல் விடலாமா?

பதில்: விடாதீர்கள். காசு கட்டியது சபைக்குத் தெரியும், நீதவானின் மேசையில் இருக்கும் வழக்குக் கோவைக்குத் தெரியாது. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பிடியாணை பிறக்கலாம். சோலைவரிக்காகப் பொலிஸ் வாசலில் வந்து நின்றால் ஊர்ச்சனம் என்ன கதைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்கு முதல் ஒன்று. கையில் இருப்பது அழைப்பாணைதானா என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் சபையின் இறுதி அறிவித்தலைக் கண்டும் "கோட்டுக் கடிதம்" என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர். அழைப்பாணை என்றால் நீதிமன்றத்தின் பெயர், முத்திரை, வழக்கு இலக்கம், வரவேண்டிய திகதி எல்லாம் இருக்கும். இவை இல்லாமல் சபையின் தலைப்பு மட்டும் இருந்தால் அது சபைக் கடிதம். அதையும் சும்மா எடுக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, நிலுவைக்காகத் தவிசாளரின் ஆணையோடு வந்து அசையும் பொருட்களைக் கைப்பற்றவும் முடியும்.

எந்தக் கடிதமானாலும் முதலில் போகவேண்டிய இடம் சபைதான். வருமானப் பரிசோதகரைக் கண்டு, மொத்தத் தொகையைக் கேட்காமல், வருடவாரியான கணக்கைக் கேளுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன வரும் என்று மதிப்பிட்டதே ஆண்டுப் பெறுமதி. அதில் ஒரு வீதம்தான் வரி. உதாரணமாக, ஆண்டுப் பெறுமதி 20,000 ரூபாய், வீதம் 8 என்றால் வருடத்துக்கு 1,600, காலாண்டுக்கு 400. ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் எந்த வருடத்தில் தொகை குதித்தது என்று கண்ணில் படும்.

என் மாமியின் கணக்கில் அப்படித்தான் பட்டது. வீதியை அகலமாக்கியபோது அவரின் வீட்டு முன்பக்கக் கடையறை இடிபட்டுப்போனது. பதிவேட்டில் மட்டும் அது இடிபடவில்லை, வரி கடைக்கும் சேர்த்தே ஏறிக்கொண்டிருந்தது. மாமி ஒரு பால்மாப் பேணியைக் கொண்டுவந்து கருமபீடத்தில் கவிழ்த்தார். கரண்ட் பில், விதைநெல் வாங்கிய துண்டு, சங்கக்கடைச் சிட்டை, இடையில் மடித்து மடித்துக் கிழிந்த வரிப் பற்றுச்சீட்டுகள். சிலதில் காபன் எழுத்து முழுக்க மங்கி, அச்சடித்த இலக்கம் மட்டும் மிச்சம். அந்த இலக்கத்தை வைத்தே கிளாக்கர் பிள்ளை சபையில் இருந்த பற்றுச்சீட்டின் அடிக்கட்டையைத் தேடி எடுத்துவிட்டது. ஆகவே எழுத்து இல்லை என்று பழைய சீட்டை எறியாதீர்கள்.

கட்டிய காசு நிலுவையில் கழிந்தது. கடையறை விஷயம் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. ஆட்சேபனை தெரிவிக்க மதிப்பீட்டு அறிவித்தலில் போட்டிருந்த திகதிகள் எப்போதோ போய்விட்டன, பழைய வருடங்களுக்குக் கட்டத்தான் வேண்டும் என்றார்கள். எனக்கு அது இன்னும் நியாயமாகப் படவில்லை. ஆனாலும் வருகிற வருடத்துக்கு மீள்மதிப்பீடு கேட்டுக் கடிதம் கொடுத்து, நிலுவையைப் பகுதி பகுதியாகக் கட்டச் சம்மதம் வாங்கினோம். வாய்ச் சம்மதம் அல்ல, எழுத்தில். "கட்டுங்கோ, பார்ப்பம்" என்றவர் மாற்றலாகிப் போய்விட்டால் யாரிடம் கேட்பீர்கள்?

அப்பாவின் மரணச் சான்றிதழ்ப் பிரதியைச் சபைக்கும் கொடுங்கள், நீதிமன்றத்துக்கும் கொண்டுபோங்கள். இறந்தவர் மேல் வழக்கு நிற்காது, ஆனால் வரி போய்விடாது. அது ஆளைவிட ஆதனத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் எத்தனையோ வீடுகளில் மரணச் சான்றிதழ் இல்லை, எடுக்க மனமும் இல்லை. அப்படிப்பட்ட குடும்பங்கள் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், காணாமல் போனவர் என்ற சான்றிதழை எடுக்கலாம்.

சபைப் பதிவேட்டில் உங்கள் பெயரைப் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். போடலாம், ஆனால் அதனால் காணி உங்களுக்கு உரித்தாகாது. அதற்குக் காணி உறுதிப் பத்திரம் வேண்டும். சகோதரங்கள் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள், பிறகு வெளிநாட்டிலிருந்து வரும் கோல்களுக்குப் பதில் சொல்லி முடியாது.

வழக்குத் தவணையன்று பற்றுச்சீட்டின் மூலத்தையும் பிரதியையும் கொண்டுபோங்கள். சபையின் உத்தியோகத்தர் எழுந்து நிலுவை தீர்ந்தது என்று சொன்னால் பெரும்பாலும் அன்றே முடியும். முதல்நாளே அவரைக் கண்டு சொல்லிவையுங்கள். தொகையை மறுக்கிறீர்கள் என்றால் சட்டத்தரணி இல்லாமல் போக வேண்டாம். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வரவே முடியாவிட்டால் தம்பியை அனுப்பிச் சமாளிக்கப் பார்க்காமல், சட்டத்தரணி மூலம் வேறு திகதி கேளுங்கள்.

கொழும்பிலிருந்து இரவு பஸ் எடுத்து விடிய வந்து இறங்கி, நேரே நீதிமன்றம் போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சபையில் காசு கட்டும் கருமபீடம் நேரத்தோடு மூடிவிடும். ஒரு நாள் முந்தி வந்து அந்த வேலையை முடியுங்கள்.