வெஸ்னாத் என்ற கணினி விளையாட்டுக்கு ஒருவர் கேம்பெய்ன் (சினாரியோ எனப்படும் தனித்தனிப் போர்க்களங்களாக நகரும் ஒரு தொடர்கதை) எழுதி, அதை ப்ளேடெஸ்ட் செய்ய, அதாவது ஆடிப் பார்த்துக் குறை சொல்ல, என்னைக் கேட்கிறார். விளையாடி முடித்து 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் போதாதா?

போதாது. 'நன்றாக இருக்கிறது' என்பதை வைத்துக்கொண்டு எழுதியவர் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. 'மூன்றாவது சினாரியோவை ஜெயித்தபோது கையில் 40 கோல்டுதான், இரண்டாம் லெவல் யூனிட் (அனுபவத்தால் ஒரு படி உயர்ந்த வீரர்) ஒன்றுகூட மிஞ்சவில்லை' என்று எழுதிப் பாருங்கள். அன்றைக்கே உட்கார்ந்து திருத்த ஆரம்பித்துவிடுவார்.

பேட்டில் ஃபார் வெஸ்னாத் தெரியாதவர்களுக்காக: 2003-இல் டேவிட் வைட் தொடங்கியது, இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்த்துவரும் திறமூல விளையாட்டு. அறுகோணக் கட்டங்களில் எல்ஃப் என்ற வனவாசிகளும் ஓர்க் என்ற அரக்கர்களும் மனிதர்களும் முறைவைத்து, டர்ன் டர்னாகச் சண்டை போடுவார்கள். கேம்பெய்ன்களை டபிள்யூஎம்எல் என்ற எளிய குறிமொழியில் எழுதுவதால், நிரலாக்கம் படிக்காதவர்களும் துணிந்து இறங்குகிறார்கள். ரசிகர் கேம்பெய்ன்கள் இவ்வளவு குவிவதற்கு அது ஒரு காரணம். அவற்றில் கதை அருமையாகவும் கணக்கு கோணலாகவும் இருப்பதற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

கணக்கு என்று நான் சொல்வது முக்கியமாக ஒரு சினாரியோவிலிருந்து அடுத்ததற்கு எடுத்துப்போகும் சொத்தை. ஜெயித்ததும் மிச்சக் கோல்டில் ஒரு பங்கு (பல கேம்பெய்ன்களில் 40 சதவீதம்) கூடவே வரும். சீக்கிரம் முடித்தால் மீதமுள்ள டர்ன்களுக்கு போனஸ் உண்டு. பிழைத்த யூனிட்கள் அனுபவப் புள்ளிகளோடு காத்திருப்பார்கள், வழக்கமாகத் தலைக்கு 20 கோல்டு கொடுத்துத் திரும்ப அழைக்கலாம். ஆக, இருப்பவனுக்கு மேலும் சேரும், இல்லாதவனுக்கு இருப்பதும் கரையும். எழுதியவருக்கோ பதுங்கியிருக்கும் எதிரி எந்தப் புதரில் என்று தெரியும். அவர் தன் கேம்பெய்னின் ஐந்தாவது சினாரியோவுக்குப் பணக்காரராகத்தான் வந்து சேருவார். அந்தப் படையை மனதில் வைத்து எதிரியின் கோல்டை நிர்ணயிப்பார். முதல்முறை ஆடுபவர் அதில் பாதியோடு வந்து சுவரில் முட்டிக்கொள்வார். 'ஐந்தாவது ரொம்பக் கடினம்' என்று புகார் போகும். எழுதியவரும் ஐந்தாவதை இளக்குவார். ஆனால் ரத்தம் போனது இரண்டாவதில்.

அதனால் ஒவ்வொரு சினாரியோ முடிவிலும் நான்கு விஷயங்களைக் குறித்துவையுங்கள்: எத்தனையாவது டர்னில் முடித்தீர்கள், மிச்சக் கோல்டு, யார் யார் செத்தார்கள், யார் லெவல் ஏறினார்கள். எழுதியவருக்கு உங்கள் கருத்துகளைவிட இந்தக் குறிப்பு அதிகம் உதவும். விளையாட்டின் பதிப்பு, கேம்பெய்னின் பதிப்பு, ஆடிய கடினநிலை ஆகியவற்றை மேலேயே எழுதிவிடுங்கள்.

எதிரியை முதலில் சந்தித்த டர்னையும் கவனியுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வெஸ்னாத்தில் ஆறு டர்ன் ஒரு நாள்: விடியல், காலை, பிற்பகல், அந்தி, இரண்டு இரவு ஜாமங்கள். மனிதப் படைகளில் பெரும்பாலானவை பகலில் 25 சதவீதம் கூடுதலாக அடிக்கும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குகளுக்கு நேர்மாறு. ஒரு ஈட்டிக்காரரின் அடி 7 என்றால் பகலில் 9, இரவில் 5. வரைபடம் தேவைக்கு மேல் நீளமாகிவிட்டால் உங்கள் படை பிற்பகலுக்குப் பதிலாக ஐந்தாவது டர்னில், முதல் ஜாமத்தில், ஓர்க்குகள் முன்னால் போய் நிற்கும். எதிரியின் கோல்டைக் குறைத்தால் இது தீராது. வரைபடத்தில் கொஞ்சம் வெட்ட வேண்டும், அல்லது தொடங்கும் நேரத்தை மாற்ற வேண்டும். 'ஐந்தாவது டர்னில் மோதினோம்' என்று நீங்கள் எழுதாவிட்டால் இது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

அடுத்து, வேண்டுமென்றே கோணலாக ஆடுங்கள். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு யூனிட் குறிப்பிட்ட கட்டத்தில் கால் வைத்தால் கதை நகரும் என்று எழுதியிருப்பார்கள். எந்த அணியின் யூனிட் என்று சொல்ல மறந்திருந்தால், எதிரி ஓர்க் ஒன்று அதில் மிதித்ததும் 'அடடா, என் தந்தையின் வாள்!' என்று வசனம் ஓடும். இத்தகைய நிகழ்வுகள் இயல்பாக ஒருமுறைதான் இயங்கும். ஆகவே வாள் போனது போனதுதான். கிரிஃபன் கிடைத்தால் மலைக்கு மேலே பறக்கவிட்டு நேராக எதிரித் தலைவனிடம் போங்கள், நடுவில் வரவேண்டிய உரையாடல்கள் என்னவாகின்றன என்று பாருங்கள். செத்தாலும் தோல்வி என்று அறிவிக்கப்படாத துணைக் கதாபாத்திரம் யாராவது இருந்தால் சாகவிடுங்கள். பின்னால் ஒரு சினாரியோவில் அவரைப் பெயர் சொல்லி அழைத்திருந்தால், அழைப்பு சத்தமில்லாமல் தோற்கும். அவர் பேச வேண்டிய வசனமும் வராது, எதிரில் நிற்பவர் வெறும் காற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ரீலோட் (சேமித்துவைத்த பழைய நிலைக்கு, அதாவது சேவுக்கு, திரும்பிப்போய் ஆடுவது) பற்றி எல்லோரும் சண்டை போடுவார்கள். என் நிலை: முதல் ஆட்டத்தில் கூடாது, செய்தால் எங்கே செய்தோம் என்று எழுத வேண்டும். மந்திரவாதியின் மந்திர அடி, எதிரி எந்த நிலத்தில் நின்றாலும் 70 சதவீதம் படும். மூன்று அடியும் தவறும் வாய்ப்பு 2.7 சதவீதம். கேம்பெய்ன் முழுக்க எத்தனை முறை தாக்குகிறோம் என்று எண்ணிப்பாருங்கள், அது நடந்தே தீரும். நடந்ததும் பழைய சேவுக்கு ஓடினால், அந்த ஒரு சறுக்கலைச் சினாரியோ தாங்குமா என்பது யாருக்கும் தெரியாமல் போகும். துரதிர்ஷ்டத்தைத் திட்டி எழுத வேண்டாம், ஆட்டத்தின் பதிவான ரீப்ளே கோப்பை அனுப்பினால் அவரே பார்த்துக்கொள்வார்.

எழுத்துப்பிழைகளைத் தனியாகக் கொடுங்கள். 'நானாக இருந்தால் இந்த இளவரசியை வில்லியாக்கியிருப்பேன்' போன்றவை அவர் கேட்டால் மட்டும். 'இந்த இடத்தில் குறிக்கோள் என்னவென்று புரியவில்லை, வடக்கே போனேன்' என்பது போதும், வழியை அவர் கண்டுபிடிப்பார்.

திருத்திய பதிப்பு வந்ததும் பாதி ஆட்டத்தில் எடுத்த சேவிலிருந்து சோதிக்காதீர்கள். அதற்குள் பழைய நிகழ்வுகள் அப்படியே பதிந்திருக்கும், திருத்தம் தெரியாது. சினாரியோ தொடக்கத்தில் பதிவான சேவ் கோப்பைத் திறந்து ஆடுங்கள். இல்லாவிட்டால் சரிசெய்த பிழையையே நீங்கள் மறுபடி அனுப்புவீர்கள், அவர் தன் கோப்பை வரி வரியாகத் தேடிக்கொண்டிருப்பார்.