பிடிபி-11-இல் நெட்வொர்க்: கேள்வி பதில்

கேள்வி: என் பிடிபி-11/73-இல் 4 எம்பி மெமரி இருக்கிறது. பிறகு ஏன் எல்லோரும் டிசிபி/ஐபி-க்கு (இன்டர்நெட்டின் அடிப்படை நெறிமுறைகள்) இடம் போதாது என்கிறீர்கள்?

பதில்: குடோன் பெரிதுதான், ஆனால் கல்லாப்பெட்டி மேசை சின்னது. டிஇசி-யின் பழைய மினிகம்ப்யூட்டரான பிடிபி-11-இன் முகவரி 16 பிட். அதனால் எந்த புரோகிராமும் ஒரு நேரத்தில் 64 கேபி-யைத்தான் பார்க்க முடியும். 11/73 போன்ற மெஷின்களில் கோடுக்கு 64, டேட்டாவுக்கு 64 என்று தனித்தனியாகக் கிடைக்கும். அதிலும் கெர்னலின் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) டேட்டா பக்கத்தில் கடைசி 8 கேபி-யை டிவைஸ் ரிஜிஸ்டர்கள் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே பிதுங்கும் கெர்னலுக்குள் பெர்க்லி யூனிக்ஸான 4.3 பிஎஸ்டி-யின் நெட்வொர்க் கோடையும் எப்படித் திணிப்பது?

பிடிபி-11-க்கான பெர்க்லி யூனிக்ஸ், அதாவது 2.11 பிஎஸ்டி, கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் பிடிக்கும். இந்த மெஷினில் கெர்னல் மோடு, யூசர் மோடு தவிர சூப்பர்வைசர் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. யூனிக்ஸ் அதைச் சீண்டாமல் வைத்திருந்தது. நெட்வொர்க்கை அப்படியே அங்கே குடியேற்றிவிட்டார்கள். அதற்கென்று தனி 64+64 கேபி கிடைத்தது. விலை என்னவென்றால், கெர்னலும் நெட்வொர்க்கும் ஒன்றையொன்று சாதாரணமாக அழைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஆர்குமென்ட்களை அந்தப் பக்கம் காப்பி செய்து மோடு மாறியாக வேண்டும்.

கேள்வி: புது கெர்னல் கட்டி /unix-ஐ மாற்றினேன். நெட்வொர்க் வரும் இடத்தில் கிராஷ் ஆகிறது.

பதில்: சூப்பர்வைசர் மோடில் ஓடும் நெட்வொர்க் பகுதியின் ஃபைலான /netnix-ஐயும் மாற்றினீர்களா? இரண்டும் ஒன்றின் முகவரிகளை மற்றொன்றில் வைத்து லிங்க் ஆனவை, ஜோடியாகத்தான் போக வேண்டும். சிமுலேட்டரில் நானே இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: ஓவர்லே அளவு மீறிவிட்டது என்று பில்ட் நின்றுவிடுகிறது, சார். கோடைக் குறைக்கணுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரே முகவரியில் மாறி மாறி வரும் கோடுத் துண்டுதான் ஓவர்லே; ஒவ்வொரு ஓவர்லேயும் 8192 பைட்டுக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். மேக்ஃபைலில் ஒரு .o ஃபைலை இடம் மிச்சமிருக்கும் ஓவர்லேவுக்கு நகர்த்திப் பாருங்கள். ஒன்றையொன்று அடிக்கடி அழைக்கும் ஃபைல்களைப் பிரிக்காதீர்கள். ஓவர்லே மாறும் ஒவ்வொரு அழைப்பும் மேப்பிங்கை மாற்றிவிட்டுத்தான் போகும்.

கேள்வி: சூப்பர்வைசர் மோடே இல்லாத 11/40-இல் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: வெளியே தள்ளினார்கள். 1975-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் என்சிபி-யை (டிசிபி-க்கு முந்தைய நெறிமுறை) இரண்டாக வெட்டியது. டேட்டா ஓடும் பகுதி மட்டும் கெர்னலில் இருந்தது, இணைப்பைத் திறந்து மூடும் வேலையை யூசர் பக்கத்தில் ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) பார்த்தது. பின்னால் பிபிஎன் நிறுவனத்தில் ஜாக் ஹாவர்ட்டி, எல்எஸ்ஐ-11-க்கு (பிடிபி-11-இன் சிறிய வடிவம்) ஜிம் மேதிஸ் அசெம்பிளியில் எழுதிய டிசிபி-யை எடுத்து 11/40 யூனிக்ஸில் முழுவதையும் யூசர் புராசஸாகவே ஓட்டினார். வேகம் அடிபடும்தான். ஆனால் ஓடியதே!

கேள்வி: என்னிடம் ஈதர்நெட் கார்டு இல்லை. 9600 பாட் சீரியல் லைனில் ஸ்லிப் (சீரியல் லைன் வழியே ஐபி பாக்கெட் அனுப்பும் முறை) ஓட்டலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். 9600-இல் நொடிக்கு 960 பைட். டெல்நெட்டில் (தொலைவிலுள்ள மெஷினில் டைப் செய்து வேலை பார்க்கும் வழி) ஓர் எழுத்து அடித்தால் 40 பைட் ஹெடரோடு 41 பைட் போகும், போகவே 43 மில்லிசெகண்ட். எக்கோ திரும்பி வர அதே அளவு. வான் ஜேகப்சனின் 1990 கம்ப்ரெஷன் அந்த 40-ஐ மூன்று முதல் ஐந்து பைட்டாகச் சுருக்கும். இரு பக்கமும் அது இருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள்.

கேள்வி: 11/34 மட்டும்தான் இருக்கிறது...

பதில்: 2.11 பிஎஸ்டி-யை மறந்துவிடுங்கள், அதில் ஏறாது. ஆடம் டங்கல்ஸின் குட்டி டிசிபி/ஐபி-யான யூஐபி மாதிரி ஒன்றைக் கொண்டுவரப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாக்கெட் பஃபர், அதனால் சில கேபி-யில் முடிந்துவிடும்.

கேள்வி: இவ்வளவு சின்ன மெஷின்களால் நிஜமான நெட்வொர்க் எதையாவது தாங்க முடிந்ததா?

பதில்: 1986-இல் அமெரிக்க ஆராய்ச்சி நெட்வொர்க்கான என்எஸ்எஃப்நெட்டின் முதல் முதுகெலும்பே எல்எஸ்ஐ-11/73-கள்தான். ஆறு ஊர்கள், 56 கேபிபிஎஸ் லைன்கள், டேவிட் மில்ஸின் ஃபஸ்பால் என்ற ரவுட்டர் மென்பொருள். கூட்டம் தாங்காமல் போனபோது மில்ஸ் டெல்நெட் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் முன்னால் விட்டார். டைப் அடிப்பவர்கள் திட்டுவதை நிறுத்தினார்கள்; ஃபைல் அனுப்பியவர்கள் கவனிக்கவே இல்லை.