டிராயிங் சுத்தம் செய்வதெல்லாம் ஒரு வேலையா?

வணக்கம் அம்மா. கட்டடக்கலை படிக்கும் மகள் பயிற்சிக்காக ஓர் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, டிசைன் எதையும் கையில் கொடுக்காமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு (கட்டடத்தின் பாரத்தைக் கணக்கிட்டு அதை நிற்க வைப்பவர்) அனுப்பும் டிராயிங்கைச் சுத்தம் செய்யச் சொல்லியே உட்கார வைத்திருக்கிறார்கள், இதற்கா இவ்வளவு படித்தாள், வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் தொழில் விவரமாகப் போகும், புரியாத இடத்தை அவளிடமே கேளுங்கள், அப்படியாவது அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று உங்களுக்கும் தெரியும்.

ஆர்க்கிடெக்ட் டிராயிங்கில் சோஃபா, கட்டில், தரை ஓடு, செடி, கார் எல்லாம் இருக்கும். கட்டடத்தை நிற்க வைக்கப் போகிறவருக்கு அதில் முக்கால்வாசி தேவையில்லை. அவர் தேடுவது வேறு: கிரிட் கோடுகள் (தூண்களின் இடத்தைக் குறிக்கும் குறுக்கும் நெடுக்குமான கோடுகள்), தூண் எங்கே வரலாம் எங்கே வரவே கூடாது, எந்தச் சுவர் பாரம் தாங்கும் எது வெறும் தடுப்பு, ஸ்லாபில், அதாவது கான்கிரீட் தளத்தில், எங்கெங்கே திறப்பு (படிக்கட்டு, லிஃப்ட், குழாய் இறங்கும் ஷாஃப்ட்), குளியலறையில் ஸ்லாப் எவ்வளவு இறங்குகிறது, அப்புறம் மட்டம் என்று குறித்திருப்பது ஓடு பதித்த பின் வரும் மட்டமா அல்லது வெறும் கான்கிரீட்டின் மட்டமா. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் ஐந்தாறு சென்டிமீட்டர் இருக்கும், அதைச் சொல்லாமல் விட்டால் படிக்கட்டின் முதல் படியும் கடைசிப் படியும் நடுவில் உள்ளவற்றோடு ஒத்துப்போகாது. எதை நீக்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்க, அந்தக் கட்டடம் எப்படி நிற்கிறது என்று மனதில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். உங்கள் மகளுக்குக் கொடுத்திருக்கும் வேலை உண்மையில் அதுதான், யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை போலிருக்கிறது.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, ஃபர்னிச்சர் லேயரோடு (டிராயிங்கில் ஒவ்வொரு வகைப் பொருளையும் பிரித்து வைக்கும் அடுக்குதான் லேயர்) சேர்த்து அறைகளின் பெயரையும் அழித்துவிடுவார்கள். இன்ஜினியர் அந்தப் பெயரை வைத்துத்தான் பாரம் கணக்கிடுகிறார். படுக்கையறைக்கு எடுக்கும் பாரத்தைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ எடுக்க வேண்டியிருக்கும், புத்தக அடுக்குகள் நிறைந்த நூலக அறைக்கு. மாடித் தோட்டத்தில் 30 சென்டிமீட்டர் மண் போட்டால், நனைந்த பிறகு ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். தண்ணீர்த் தொட்டி ஒரு மீட்டர் ஆழம் என்றால் அதே இடத்தில் 1000 கிலோ. இதெல்லாம் டிராயிங்கில் ஒரே ஒரு சொல்லாகத்தான் இருக்கும், அந்தச் சொல்லைக் 'குப்பை' என்று நினைத்து நீக்கினால் தீர்ந்தது கதை.

இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் நானும் ஓர் அலுவலகத்தில் டிராயிங் அனுப்பிக்கொண்டிருந்தவன்தான். ஒருமுறை தாளில் அழகாக உட்காரட்டும் என்று பிளானை மொத்தமாகப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தி, யாரிடமும் சொல்லாமல் திருத்தப் பதிப்பாக அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கம் இன்ஜினியர் அலுவலகத்தில் பழைய டிராயிங்கின் மேல் புதியதை வைத்துப் பார்த்தால் ஒரு தூணும் பொருந்தவில்லை. தூண்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு நாள் வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. முதல் நாளே கிரிட்டின் ஒரு சந்திப்பை ஆரிஜினாக, அதாவது எல்லா அளவும் தொடங்கும் புள்ளியாக, தீர்மானித்துவிட்டால் திட்டம் முடியும் வரை அதைத் தொடக்கூடாது.

இனி இது உங்கள் மகளுக்கு, அப்படியே காட்டுங்கள். ஆட்டோகேட் (கோடுகளால் வரையும் மென்பொருள்) என்றால் முதலில் அலகைப் பார். அங்குலமும் மில்லிமீட்டரும் குழம்பினால் கட்டடம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ போய் விழும், அதுகூடப் பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தவறுகள்தான் ஆபத்து. 200 என்று எழுதிய சுவர் உண்மையில் 199.6 ஆக இருப்பது, நேர்கோடு என்று நினைத்தது கால் டிகிரி சாய்ந்திருப்பது, எல்லாவற்றையும் விட மோசமாக, டைமன்ஷனின் (அளவுக் குறிப்பின்) எண்ணை மட்டும் கையால் மாற்றி 3000 என்று எழுதி வைத்திருப்பது, அளந்தால் 2985 வரும். இன்ஜினியர் உன் கோட்டை அப்படியே எடுத்து ஈட்டேப்ஸ் மாதிரி பாரம் கணக்கிடும் மென்பொருளுக்குள் கொண்டுபோவார், நீ கையால் எழுதிய எண் அங்கே போகாது. சாய்ந்த கோடு போனால் சேர வேண்டிய இரண்டு பீம் சேராமல் நிற்கும், அதைத் தேடிப் பிடிக்க அவருக்கு அரை நாள். எக்ஸ்ரெஃப் இணைப்புகள் (வேறு ஃபைலிலிருந்து இணைத்துக் காட்டும் டிராயிங்) இருந்தால் இ-டிரான்ஸ்மிட் கட்டளையால் ஒரே கட்டாக அனுப்பு, இல்லையென்றால் அவர் திறக்கும்போது பாதி பிளான் காணாமல் போயிருக்கும். ஓவர்கில், ஆடிட், பர்ஜ் என்ற சுத்தம் செய்யும் கட்டளைகள் எல்லாம் பழகிவிட்டிருப்பாய், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நகல் எடுத்து அதில் செய், மூல ஃபைலில் கை வைக்காதே, அவ்வளவுதான்.

ரெவிட் (கட்டடத்தையே முப்பரிமாண மாதிரியாகக் கட்டும் மென்பொருள்) என்றால் வேறு மாதிரி. அதில் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது, ஆகவே இன்ஜினியர் எந்த ஆண்டுப் பதிப்பு வைத்திருக்கிறார் என்று தொடக்கத்திலேயே ஒரு வரி கேட்டுக்கொள். பாரம் தாங்கும் சுவர்களுக்கு 'ஸ்ட்ரக்சுரல்' என்ற சின்னக் கட்டத்தில் டிக் போட மறந்தால், அவருடைய ஸ்ட்ரக்சுரல் வியூவில் அந்தச் சுவர் தெரியாது, சுவரே இல்லை என்று நினைத்து அவர் பீம் போட்டுக்கொண்டிருப்பார். கிரிட்டையும் லெவலையும் (தள மட்டத்தையும்) அவர் காப்பி-மானிட்டர் செய்து, அதாவது நகலெடுத்து மூலத்தைக் கண்காணிக்கும்படி, வைத்திருப்பார், அதனால் நீ ஒரு லெவலை அழித்துவிட்டுப் புதிதாகப் போடாதே, இருப்பதையே நகர்த்து, அப்போதுதான் மாற்றம் அவருக்கு எச்சரிக்கையாகப் போய்ச் சேரும். இரண்டு பேரும் வேறு வேறு மென்பொருள் என்றால் ஐ.எஃப்.சி. என்ற பொது ஃபைல் வடிவம் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 16739 என்ற தரநிலை, ரெவிட் போன்ற இன்னொரு மென்பொருளான ஆர்க்கிகேடிலிருந்தும் ரெவிட்டிலிருந்தும் எடுக்கலாம். பார்த்து ஒப்பிட நல்லது, அதையே திறந்து திருத்திக்கொண்டே போகலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

எதை அனுப்பினாலும் கூடவே ஒரு பி.டி.எஃப், போன முறையிலிருந்து என்ன மாறியது என்று நான்கு வரி. இந்த நான்கு வரியை ஒழுங்காக எழுதத் தெரிந்த பயிற்சியாளர்கள் மிகக் குறைவு அம்மா, நேர்காணலில் எத்தனையோ அழகான படங்களுக்கு நடுவே 'முன்னால் இப்படி இருந்தது, இன்ஜினியருக்கு இப்படி அனுப்பினேன், காரணம் இது' என்று ஒரு பக்கம் காட்டுகிறவர்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். பின்னால் பிம் (எல்லோருடைய டிஜிட்டல் கட்டட மாதிரிகளையும் சேர்த்துப் பார்க்கும் முறை) ஒருங்கிணைப்பாளர் என்று தனிப் பதவிக்கே போகலாம், அதன் அடிப்படையும் இதுதான்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? அனுப்பிய டிராயிங் இன்ஜினியரிடமிருந்து சிவப்புக் குறிப்புகளோடு திரும்பி வரும், அதை அவள் கண்ணில் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். காட்டவில்லையென்றால் அவளே போய்க் கேட்கட்டும், அடுத்த கூட்டத்தில் ஓரமாக உட்கார அனுமதியும் கேட்கட்டும். இரண்டுக்கும் 'வேண்டாம், நீ லேயரை மட்டும் பார்' என்று பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள், அப்போது வேறு அலுவலகம் பார்ப்பதைப் பற்றிப் பேசுவோம்.