கடைக்காரர் கேட்டதும் கடையில் விற்றதும்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பத்துக்கு மசாலா மில் இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டக் கடைகளுக்கும் ஈப்போவுக்கும் தூள் போடுகிறோம். காய்ந்த மிளகாய் ஆந்திராவின் குண்டூரிலிருந்து கப்பலில் வருகிறது. நாளுக்குச் சராசரியாக 50 கிலோ போகும், கூடினால் 70. ஆர்டர் கொடுத்தால் 35 நாளில் மில்லுக்கு வரும். இழுத்தால் 49 நாள். தீபாவளிக்கு முன்பே சரக்கு தீர்ந்துவிடுகிறது. தீபாவளி முடிந்ததும் பாக்கெட்டுகள் திரும்பி வருகின்றன. கொள்முதல், இருப்பு, விநியோகம் மூன்றுக்கும் சேர்த்து எப்படித் திட்டம் போடுவது?

பதில்: சகோதரி, நீங்கள் சொல்லும் தட்டுப்பாடும் தேக்கமும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. போன வருடம் சரக்கு கிடைக்காத கடைக்காரர், 10 டஜன் விற்கும் இடத்தில் இந்த வருடம் 20 டஜன் கேட்பார். அதை நம்பி நீங்களும் கொஞ்சம் கூட்டிக் குண்டூருக்குச் சொல்வீர்கள். பண்டிகை முடிந்ததும் அந்தக் கூடுதல் அத்தனையும் உங்கள் வாசலுக்கே திரும்பும். ஆகவே ஆர்டரை எழுதாதீர்கள், விற்பனையை எழுதுங்கள். லோரியில் போகிறவர் சரக்கை இறக்குமுன் அலமாரியில் மிஞ்சியிருப்பதை எண்ணட்டும். போன முறை இருந்ததோடு கொடுத்ததைக் கூட்டி, இன்று இருப்பதைக் கழித்தால் விற்றது தெரியும். பெரிய 15 கடைகளில் மட்டும் செய்தாலே போதும்.

கணக்கை மாதவாரியாக ஒப்பிட வேண்டாம். தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. அக்டோபரோடு அக்டோபரை வைத்துப் பார்த்தால் தப்பாகவே வரும். தீபாவளியிலிருந்து பின்னோக்கி வாரத்தை எண்ணுங்கள்.

சாதாரண மாதங்களுக்கு மிளகாய்க் கணக்கு இது: ஒரு நாளில் கூடினால் போகும் 70 கிலோ, நீண்ட காத்திருப்பு 49 நாள், பெருக்கினால் 3,430 கிலோ. 25 கிலோ மூட்டையில் 138 மூட்டை. இருப்பு இதற்குக் கீழே இறங்கிய அன்றே அடுத்த ஆர்டர் போக வேண்டும். இதில் சராசரிச் செலவு 50 × 35 = 1,750 கிலோ; மீதி 1,680 கிலோதான், விற்பனை கூடினாலும் சரக்கு தாமதித்தாலும் கைகொடுக்கும் உங்கள் காப்பு இருப்பு. கப்பலில் வந்துகொண்டிருக்கும் மூட்டையையும் இருப்பில் சேர்த்தே எண்ணுங்கள். பலர் இதை விட்டுவிட்டு இரண்டு முறை ஆர்டர் கொடுத்துப் பணத்தை முடக்குகிறார்கள்.

தீபாவளிச் சரக்கு தனிக் கணக்கு. 8 வாரம் முன்பே அரைக்கத் தொடங்குவதானால், வந்து சேர 7 வாரம் கூட்டி, 15 வாரம் முன் ஆர்டர் போக வேண்டும். 2026க்கு அது ஜூலை 26. குண்டூரில் புது மிளகாய் வரத்து வருடத் தொடக்க மாதங்களில்தான் அதிகம். ஜூலையில் கிடைப்பது பெரும்பாலும் குளிர்கிடங்குச் சரக்கு. வெளியே எடுத்ததும் ஈரம் இழுக்கும். அதனால் மேல் மூட்டையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நடுவிலிருந்து ஐந்து மூட்டையைப் பிரித்து மிளகாயை வளையுங்கள். சடக்கென்று ஒடிந்து விதை குலுங்கினால் நல்லது. தோல்போல வளைந்தால் ஈரம். பூஞ்சை பிடிக்கும், அஃப்ளடாக்சின் நச்சும் வரலாம்.

முழு மிளகாயாகவே வைத்திருங்கள். தூளானால் நிறமும் மணமும் வேகமாகக் குறையும். அரைத்த தூள் இரண்டு வாரத் தேவைக்கு மேல் மில்லில் நிற்க வேண்டாம். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் பலகைமேல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுங்கள்.

இரண்டாவது சப்ளையர் கட்டாயம் வேண்டும். ஆனால் கிள்ளான் மொத்த வியாபாரி நீங்கள் வாங்கும் அதே குண்டூர்த் தரகரிடம் வாங்கினால், அவர் இரண்டாமவர் ஆகமாட்டார். அங்கே தடைபட்டால் இருவருமே நிற்பார்கள். சரக்கு எங்கிருந்து வருகிறதென்று கேட்டுவிட்டு, கால்பங்கையாவது வேறு வழியில் வாங்குங்கள். மிளகுக்கு இந்தக் கவலை வேண்டாம். நம் நாட்டுச் சரவாக்கிலேயே விளைகிறது, குறைவாக வைத்தாலே போதும்.

ஒன்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்: அச்சடித்த பாக்கெட். மசாலா மலையாகக் கிடந்தும் 200 கிராம் உறை தீர்ந்து மில் நிற்பதுண்டு. அதற்கும் மிளகாய்க்குப் போட்டதுபோலவே கணக்குப் போட்டு வையுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் கணினி மென்பொருள் வாங்க வேண்டுமா? (அதே வாசகி)

பதில்: இப்போது வேண்டாம். பொருளுக்கு ஒரு பக்கம் என நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, வந்தது, போனது, இருப்பது, வழியில் வருவது. சனிக்கிழமைதோறும் மூட்டையை எண்ணி நோட்டோடு ஒத்துப் பாருங்கள். மூன்று மாதம் கணக்கு ஒத்து வந்தால் அதையே எக்செலில் ஏற்றலாம்.